பிழையில்லாத லேபிள்

நிறுவனத்தின் பணியாளர் கையேடு பதினோராம் பக்கத்தில் அவரை இப்படி வர்ணிக்கிறது: "தர உறுதி அலுவலர். அச்சாகும் ஒவ்வொரு வாசகத்தின் உண்மைத்தன்மையையும் சரிபார்த்து, நுகர்வோரின் நம்பிக்கையைக் காப்பவர்." இதை எழுதியவர் அவரை நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இந்த வாசகத்துக்குப் புரூஃப் பார்த்ததும் அவர்தான். ஒரு காற்புள்ளியை இடம் மாற்றினார். மற்றபடி அதில் ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை.

லேபிள் அச்சடிக்கும் அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் அவர் புரூஃப் சார். இருபத்தாறு வருடமாக, அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசைமேல் குனிந்து, வாடிக்கையாளர் அனுப்பிய மூலமும் அச்சு நகலும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறார். மூலத்தில் 'பத்தே நாளில் பளபளக்கும் ரோமம்' என்றிருந்தால் நகலிலும் பத்தே நாள்தான் இருக்க வேண்டும். பன்னிரண்டாம் நாளும் ரோமம் பளபளக்காவிட்டால் அது நாயின் பாடு.

நாய்களுக்கான சத்துப் பொடி, டானிக், மாத்திரை என்று வாரத்துக்கு நாலைந்து லேபிள்கள் அவர் கைக்கு வரும். வாசகம் ஒன்றே, கம்பெனிக்குக் கம்பெனி நாய்ப் படம் மட்டும் மாறும். அதனால் அந்தச் சரக்கு முழுவதும் ஊரை ஏமாற்றுகிற வேலை என்பது அவருடைய முடிவு. நாய்களைப் பற்றியும் அவருக்கு ஒரு முடிவு இருந்தது: பிடிக்காது.

ஆனாலும் வீட்டில் ஒரு நாய் இருந்தது. மகள் வளர்த்தது. கல்யாணமாகிப் போன இடத்தில் நாய் வைக்க அனுமதியில்லை என்று இங்கேயே விட்டுப் போனாள். பெயர் ஆபீசர். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரும். யாராவது வந்தால் ஒருமுறை உறுமும். வந்தவர் என்ன காரியமாக வந்தார் என்று கேளாமலே தூங்கிவிடும். பதினோரு வயதில் அதற்குப் பின்னங்கால்கள் தளர்ந்தன. மாடிப்படியில் பாதியில் நின்றுகொண்டு, மேலே போகிற உத்தேசமே தனக்கு இருந்ததில்லை என்பதுபோல் தெருவை வேடிக்கை பார்க்கும்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் தொடங்கியது. மனைவி கடையில் விசாரித்து மூட்டுக்கான பொடி வாங்கினாள். மகள் கூரியரில் பல சத்து சேர்ந்த மாவு அனுப்பினாள். இரண்டு நாய் வளர்ப்பதால் தன்னைப் பாதி டாக்டராக எண்ணியிருந்த மைத்துனன் கால்சியம் டானிக்கோடு வந்தான்.

"மாமா, என் நாய்ங்களைப் பாருங்க. சுவரேறிக் குதிக்குது. எல்லாம் இந்த டானிக்தான்."

"வயசு அப்படிடா. டானிக் இல்லாமலே நானும் ஒரு காலத்துல சுவரேறிக் குதிச்சவன்தான்."

"யார் வீட்டுச் சுவருன்னு அக்காகிட்ட சொல்லவா?"

மனைவி அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்றையும் அவர் முன்னால் வரிசையாக வைத்தாள். "நாள் முழுக்க இதைத்தானே படிக்கிறீங்க? எது நல்லதுன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"எல்லாம் ஒண்ணுதான். ஊரை ஏமாத்துற வேலை."

"ஏமாத்துறவனுக்குக் கமா, புள்ளி சரிபாத்துக் குடுக்குறது யாராம்?"

மனைவி மூன்றையும் கொடுப்பதென்று முடிவு செய்தாள். ஒன்று தவறினாலும் இன்னொன்று பிடிக்கும் என்பது அவள் கணக்கு.

அந்த மாதம்தான் அது நடந்தது. நாய்களுக்கான மீன் ஈரல் எண்ணெய் மாத்திரைக்கு ஒரு லேபிள் வந்தது. மூலத்தில் ஒரு பிழைகூட இல்லை. சத்து அட்டவணை ஒழுங்காக நின்றது. புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாகச் சிவப்புப் பேனா மூடியே கழற்றப்படாமல் கிடந்தது. இவ்வளவு கவனமாக எழுதுகிறவன் பொய் சொல்வானா என்று புரூஃப் சாருக்குத் தோன்றியது. உலகத்தில் வேறு யாருக்கும் இப்படித் தோன்றியிருக்காது.

லேபிள் அச்சாகி மாத்திரை கடைக்கு வந்த அன்று மாலை மூன்று தெரு தள்ளிப் போய் ஒரு புட்டி வாங்கி, கைப்பையில் குடைக்கு அடியில் வைத்தார். முழுப் பூசணிக்காயைத்தான் சோற்றில் மறைக்க முடியாது. மாத்திரையை ரொட்டித் துண்டில் மறைக்கலாம். காலையில் நாயை நடத்திப் போகிறவர் அவர்தான். "எழுந்திரு. உன்கூட நடக்கணும்னு எனக்கென்ன வேண்டுதலா?" என்று வீட்டுக்குக் கேட்கும்படி அதட்டுவார். தெருமுனை திரும்பியதும் குனிந்து ரொட்டியை நீட்டுவார். தினம் இரண்டு மாத்திரை. இரண்டு வாரத்தில் கால்கள் தேறாததால் இரண்டை நான்காக்கினார்.

ஐந்தாவது வாரம் ஆபீசர் சாப்பிடுவதை நிறுத்தியது. கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தது, குடித்ததை வாந்தியெடுத்தது. யாராவது வந்தாலும் உறுமவில்லை. கால்நடை டாக்டரம்மா ரத்தம் எடுத்தார். மறுநாள் வரும்போது நாய்க்குக் கொடுக்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார்.

மனைவி கொண்டுபோன பையில் மூன்று இருந்தன. டாக்டரம்மா ஒவ்வொன்றையும் திருப்பிப் படித்து, ஒரு தாளில் எண்களைக் கூட்டினார். நாய் மேசைக்கடியில் படுத்திருந்தது.

"ரத்தத்துல கால்சியம் ரொம்ப ஏறியிருக்கு. வைட்டமின் டி கூடினா இப்படி ஆகும். இந்த மூணுலயும் அது இருக்கு, கூட்டிப்பாத்தா கொஞ்சம் அதிகம்தான். ஆனா இவ்வளவு ஏத்துற அளவுக்கு இல்லையே."

"அப்போ?" என்றாள் மனைவி.

"வேற காரணம் தேடணும்மா. இந்த வயசுல உள்ள எங்கயாவது கட்டி இருக்கலாம். மயக்கம் குடுத்து, சதை எடுத்து சோதிக்கணும். வயசான நாய், மயக்கத்தைத் தாங்குமாங்குறதையும் யோசிச்சுக்குங்க. நாளைக்கே வெச்சுக்கலாமா?" டாக்டரம்மா ஒரு படிவத்தை இழுத்துக்கொண்டார்.

கூடவே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த புரூஃப் சாரின் கைப்பை அவர் மடியில் இருந்தது. இப்போது சொல்ல வேண்டியதில்லை, வீட்டுக்குப் போனதும் டாக்டருக்கு மட்டும் போன் செய்து சொல்லிவிடலாம் என்று முதலில் நினைத்தார். நல்ல யோசனைதான். மனைவிக்குத் தெரியாது, மைத்துனனுக்கு எட்டாது, நாயும் பிழைக்கும். டாக்டர் போனை எடுக்காவிட்டால் என்ன செய்வது என்ற இடத்தில் அந்த யோசனை சற்று இடித்தது.

அதற்குள் மனைவி குனிந்து நாயின் காதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "பொடியைக் கரண்டில தலைதட்டிப் போடச் சொல்லி எழுதியிருந்துச்சு டாக்டர். நான்தான் சீக்கிரம் குணமாகட்டும்னு குமிச்சுக் குமிச்சுப் போட்டேன். எல்லாம் என்னாலதான்."

"டாக்டர்," என்றார் புரூஃப் சார். "இன்னொண்ணு இருக்கு."

குடையை வெளியே எடுத்துத் தரையில் வைத்தார். பிறகு புட்டியை எடுத்தார். டாக்டரம்மா அதை வாங்கிப் படித்தார்.

"தினம் எத்தனை?"

"ரெண்டு." கைப்பையை மூடினார். "அப்புறம் நாலு."

"எத்தனை நாளா?"

"அஞ்சு வாரமா."

"வைட்டமின் டி உள்ள வேற எதோடயும் சேர்த்துக் குடுக்கக் கூடாதுன்னு கீழ எழுதியிருக்கே சார். சின்ன எழுத்துல."

"தெரியும். அஞ்சு பாயிண்ட் எழுத்து. அளவு சரியான்னு நான்தான் பாத்தேன்."

டாக்டரம்மாவுக்கு இது விளங்கவில்லை. மனைவிக்கு நன்றாக விளங்கியது. "ஊரை ஏமாத்துற வேலைன்னீங்களே!"

"இதுல ஒரு பிழைகூட இல்லடி," என்றார் அவர்.

அவள் அவரையும் புட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தாள். ஆனால், "குடையைத் தரையில வெக்காதீங்க, நாய் மிதிக்கும்," என்றுதான் வந்தது. திட்டு வீட்டில் கிடைத்தது. இரண்டு நாள், தவணையாக.

படிவம் மேசை இழுப்பறைக்குள் திரும்பிப் போனது. நான்கும் நிறுத்தப்பட்டன. ஆபீசருக்கு மூன்று நாள் ட்ரிப்ஸ் ஏறியது. மூன்றாம் வாரம் கால்சியம் இறங்கியது. நாய் சாப்பாட்டுத் தட்டின் பக்கம் மறுபடி போனது. கால்களுக்கு டாக்டரம்மா சொன்னது ஒரே வைத்தியம்தான்: எடை குறைய வேண்டும். இந்த வைத்தியத்தை எந்த லேபிளிலும் அவர் படித்ததில்லை. மைத்துனன் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் மாத்திரையின் எண்ணிக்கை கூடுகிறது. கடைசியாகக் கேட்டபோது பன்னிரண்டில் நின்றது. சிலமுறை அவன் சொல்வதில் மாமா டாக்டரின் காலில் விழுந்து அழவும் செய்கிறார்.

அழவெல்லாம் இல்லை. சோதனைக்குத் தேதி எழுதப்படும் முன், மனைவி பக்கத்தில் இருக்கும்போதே, அவர் நான்காவதாக அந்தப் புட்டியை எடுத்து டாக்டரின் கையில் கொடுத்தார்.