அப்பன் பெயர் கேட்கும் லோகேஸ்வரி

டக். குவாச்சி எனும் வறுத்த சூரியகாந்தி விதையைப் பல்லிடுக்கில் பிளந்து, பருப்பை நாக்கால் இழுத்துக்கொண்டு, தோலைக் காகிதக் கோப்பையில் துப்பினாள் லோகேஸ்வரி. கண் திரையை விட்டு நகரவில்லை. பிரிக்பீல்ட்ஸில் துணிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்: அந்தச் சத்தம் கேட்கிறவரை அவள் பிழையைத் தேடுகிறாள். சத்தம் நின்றால் பிடித்துவிட்டாள்.

முதலாளி நசீருதீன் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, சத்தம் எப்போது நிற்கும் என்று காத்திருந்தார்.

கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு இவர்கள் செய்துகொடுத்த இணையச் செயலி காலையிலிருந்து பொய் சொல்லிக்கொண்டிருந்தது. நோயாளியின் நேரத்தை மாற்றிச் சேமித்தால் பச்சை டிக் வரும். திரும்பத் திறந்தால் பழைய நேரமே நிற்கும். வேன் டிரைவர்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் கிளம்புவார்கள். இராஜம்மா என்ற அம்மாளுக்கு மாலை முறை மதியத்துக்கு மாறியிருந்தது; பட்டியலிலோ மாலை என்றே நின்றது. ஏற்கெனவே ஒரு முறை தவறிப்போய், கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது அவருக்கு. இன்றும் வேன் வராவிட்டால் தாங்காது. மையத்தில் வேலை பார்க்கும் மலர்விழி டிரைவரைப் போனில் பிடிக்கப் பார்த்தாள். வண்டி ஓட்டுகிற மனிதர் எடுக்கவில்லை.

நசீருதீன் முட்டி மோதிப் பார்த்துவிட்டார். சேமிக்கும் பகுதியை வரி வரியாகப் படித்தார், சர்வரை நிறுத்திக் கிளப்பினார். "நேத்து சின்னதா ஒரு மெத்தட்தான் சேர்த்தேன் லோகா. அது சேவ் பக்கமே போகாது லா," என்றார் மறுபடியும். மெத்தட் என்றால், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வந்து ஒரு வேலையைச் செய்துதரும் துண்டு நிரல்.

லோகேஸ்வரி படிக்கமாட்டாள். அதுதான் அவளுடைய விசித்திரம். மற்றவர்கள் நிரலைப் படித்து யூகிப்பார்கள்; அவள் நிரலிடமே கேட்பாள், அதுவும் வாய்விட்டு. "பேரு மட்டும் சொன்னா ஆச்சா? அப்பன் பேரு சொல்லு!" என்று திரையை அதட்டுவாள்.

ஏன் இப்படி என்று நசீருதீன் ஒருமுறை கேட்டிருக்கிறார். "எங்க தாமான்ல, அந்த ஒரே குடியிருப்புல, அஞ்சு லோகன் இருக்கானுங்க பாஸ். வெளிய நின்னு லோகன்னு கூப்பிட்டா எவன் வருவான்? ஐசி-ல, அடையாளக் கார்டுல, அப்பா பேரும் சேர்ந்து இருக்கறதால பொழைச்சோம். மெத்தடும் அப்படித்தான் லா. பேர நம்பக்கூடாது, யார் வீட்டுப் புள்ளைன்னு கேக்கணும்."

இன்றும் கேட்டாள். சேமிக்கும்போது வேலைக்கு வருகிற ஒவ்வொரு மெத்தடையும் பெயர் சொல்லி அழைத்து, எந்தக் கோப்பில் பிறந்தாய் என்று விசாரித்தாள். முதலாவது, செயலியைத் தாங்கி நிற்கும் ஃபிரேம்வொர்க் வீட்டுப் பிள்ளை. டக். அடுத்ததும் அதே வீடு. டக். ‘சேஞ்ச்ட்’ என்ற பெயரைத் தட்டினாள். சத்தம் நின்றது.

"பாஸ், இது நம்ம வீட்டுப் புள்ளை."

பதிவில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்க்க ஃபிரேம்வொர்க் அந்தப் பெயரில் ஒரு மெத்தட் வைத்திருக்கிறது. மாறவில்லை என்று பதில் வந்தால் எதையும் எழுதாமல் டிக் போட்டுவிடும். டிரைவர் மாறினாரா என்று பார்க்க நசீருதீனும் அதே பெயரில் ஒன்றை எழுதியிருந்தார். ஃபிரேம்வொர்க் தன் ஆளைக் கூப்பிட, இவருடைய ஆள் முந்திக்கொண்டு ‘இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தான். டிரைவர்தான் மாறவில்லையே!

தன் தவறு என்று வெட்கப்படக்கூட நசீருதீனுக்குத் தோன்றவில்லை. அத்தனை ஆயிரம் வரிக்குள் ஒளிந்திருந்ததைப் பெயர் கேட்டே வெளியே இழுத்துவிட்டாளே, இப்படியும் ஒரு மூளையா என்று மலைத்துப்போய் நின்றார். அதற்குள் அவள் அவர் எழுதிய மெத்தடுக்கு வேறு பெயர் வைத்துவிட்டாள். மலர்விழி நேரங்களை மறுபடி சேமித்தாள். இம்முறை நின்றன.

"முடிஞ்சிது லா!" என்று கைதட்டப் போனவரை விரல் உயர்த்தி நிறுத்தினாள் லோகேஸ்வரி. பச்சை டிக்கை அவள் நம்புவதில்லை. இராஜம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"ஆன்டி, வேன் வருது. வாசல்ல நில்லுங்க. போன வைக்காதீங்க."

"நிக்கிறேன்மா."

இழுத்து இழுத்து மூச்சு வாங்குவது அறை முழுக்கக் கேட்டது. லோகேஸ்வரி ஒரு விதையை எடுத்துப் பல்லிடுக்கில் வைத்தாள். கடிக்கவில்லை. நசீருதீன் உட்காரவும் மறந்துபோனார். வெகு நேரம் கழித்து ஹார்ன் ஒலித்தது.

"வந்துருச்சும்மா. வைக்கட்டா?"

"ஏறி உக்காருங்க ஆன்டி."

ஒரு முனகல். வேன் கதவு உருண்டு சாத்திக்கொள்ளும் சத்தம்.

டக்.