சாம்பல் கலந்த மண்

எங்கள் தோட்டத்துக்கு எதிர்மலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருந்தது. வட்டகொடைப் பக்கமே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள் நான். கொழுந்தெடுக்கும்போது அதன் சிவப்புக் கூரையைத் தினமும் பார்ப்பேன். உள்ளே என்ன நடக்கிறதென்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்த நிலையம் எங்களைத் தேடி வந்தது. விதை போடுவதற்குப் பதிலாக, நல்ல தேயிலைச் செடியிலிருந்து ஓர் இலையோடு தண்டுத் துண்டு வெட்டி நட்டு வளர்க்கும் புதுமுறையை எங்கள் தோட்டத்தில் பரீட்சித்துப் பார்க்க, தோட்டத்தை நிர்வகித்த துரை சம்மதித்திருந்தார். ஆற்றோரம் நாற்றுமேடைகள் போட்டார்கள். வெளிவேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஆறு பெண்களைக் கொழுந்து மலையிலிருந்து பிரித்து அங்கே அனுப்பினார். நானும் ஒருத்தி.

நிலையத்திலிருந்து வந்தவர் யாழ்ப்பாணத்து இளைஞர். முதல் நாள் வழியில் எங்களைப் பார்த்து, எங்கே போகிறோம் என்று கேட்டார்.

"தவறணைக்குப் போறோங்க ஐயா" என்றேன்.

"விடியக்காலமையே தவறணைக்கோ?" என்று திகைத்து நின்றுவிட்டார். நாங்கள் நாற்றுமேடையைத் தவறணை என்போம். அவர் ஊரில் அது கள்ளுக்கடையாம். விஷயம் புரிந்ததும் அவரும் சிரித்துவிட்டார். அன்றைக்கே எங்களுக்கு அவரிடம் பயம் போய்விட்டது.

மூன்று மாதத்தில் மேல் மேடைகளில் துண்டுகள் துளிர்த்தன. கீழ் மேடைகளில் ஒன்றுகூடத் துளிர்க்கவில்லை. கண்டாக்குக்குக் கோபம்.

"தண்ணி ஊத்தாம வாயடிச்சுக்கிட்டு நின்னிருப்பீங்க. நாளையிலேருந்து எல்லாரும் மலைக்கே போயிருங்க."

எனக்கு அழுகை வந்தது. எல்லா மேடைக்கும் ஒரே வாளியால் தண்ணீர் ஊற்றியவள் நான். கீழ் மேடையில் ஒரு துண்டைப் பிடுங்கிப் பார்த்தேன். அடியில் முடிச்சுப்போலத் தடித்திருந்தது, வேர் இல்லை. விரலில் ஒட்டிய மண்ணில் கரித்துகள் தெரிந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. மேல் மேடைக்கு மண் சுமந்தது புல்மலையிலிருந்து. கீழ் மேடைக்கு, தூரம் குறைவென்று, நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலிருந்து. அங்கேதான் எல்லா வீட்டு அடுப்புச் சாம்பலையும் கொட்டுவோம்.

கண்டாக்கு நிற்கும்போதே நிலையத்து ஐயாவிடம் சொன்னேன்.

"சாம்பல் நல்ல உரமாச்சே!" என்று கண்டாக்கு கத்தினார்.

ஐயா இரண்டு மண்ணையும் தனித்தனிக் காகிதப் பையில் எடுத்துக்கொண்டு, "நீங்களும் வாங்கோ, பாப்பம்" என்றார்.

லொறியில் ஏறி எதிர்மலைக்குப் போனேன். செருப்பில்லாத காலை அந்தப் பளபளத்த தரையில் வைக்கக் கூசியது. அவர் மண்ணைக் கண்ணாடிக் குழாய்களில் போட்டு ஏதோ மருந்து ஊற்றினார். புல்மலை மண் செம்மஞ்சளாகத் தெளிந்தது. லயத்து மண் பச்சையாகியது.

"நீங்கள் சொன்னது சரி. தேயிலைக்குப் புளிப்பு மண்தான் வேணும். சாம்பல் அந்தப் புளிப்பை முறிச்சுப்போட்டுது" என்றார். பிறகு அங்கிருந்த பெரிய அதிகாரிகளிடம், இதைக் கண்டுபிடித்தது தானல்ல, இந்தப் பெண் என்று சொன்னார். ஆங்கிலத்தில்தான் பேசினார், ஆனால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்ததிலேயே புரிந்தது.

கீழ் மேடைகளை வேறு மண் போட்டு மீண்டும் நட்டோம். பிழைத்தன. கண்டாக்கு மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மண் எடுக்கும் முன் மட்டும், "ஒரு தடவ பாத்துச் சொல்லு" என்பார்.

நிலையத்திலேயே எனக்கு நிரந்தர வேலை வாங்கித்தர ஐயா முயன்றார். அதற்குப் பிரஜாவுரிமைச் சான்று கேட்டார்கள். என்னிடம் ஏது? இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வம்சமென்று, சுதந்திரம் கிடைத்த கையோடு எங்கள் பிரஜாவுரிமையைப் பறித்துவிட்டிருந்தார்களே. அதைச் சொல்ல வந்த அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "பரவாயில்லங்க ஐயா" என்று நான்தான் தேற்றினேன். வீட்டுக்குப் போய் அழுதேன் என்பதும் உண்மை.

அவர் அதோடு விடவில்லை. மற்றத் தோட்டங்களுக்கு இந்தப் புதுமுறையைப் பழக்கும் பயிற்சியை எங்கள் தவறணையிலேயே நடத்த ஏற்பாடு செய்தார். பூண்டுலோயா, ராகலைத் தோட்டங்களிலிருந்து பெண்கள் வந்தார்கள். துண்டு வெட்டவும் மண் பார்க்கவும் நாங்கள் ஆறு பேரும் சொல்லிக்கொடுத்தோம். கீழே சிங்களக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயியும் வந்தார். தரிசாகக் கிடந்த தன் மேட்டு நிலத்தில் தேயிலை வருமா என்று அரைகுறைத் தமிழில் கேட்டார். நான் அரைகுறைச் சிங்களத்தில் பதில் சொன்னேன். நிலையத்தின் மூலம் அவருக்குக் கன்றுகள் கிடைத்தன. அவரைப் பார்த்து அக்கம்பக்கத்தாரும் நட்டார்கள். சில வருஷத்தில் அந்தக் கிராமத்துக்குக் கொழுந்து ஏற்றத் தோட்டத்து லொறி இறங்கத் தொடங்கியது.

முதன்முதல் கொழுந்து வந்தபோது, அந்த விவசாயியின் மனைவிக்கு அதை எடுத்துப் பழக்கமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆறு பேரும் போய், இரண்டிலையும் மொட்டுமாகக் கிள்ளக் காட்டினோம். மத்தியானம் அந்த அம்மா அவர்கள் வீடுகளில் நல்ல நாட்களில் செய்யும் பாற்சோற்றை வாழையிலையில் துண்டு போட்டு வைத்து, நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.