சாமுண்டீஸ்வரி மாட்டிய வெள்ளைப்பலகை

தொலைபேசி மணி அடித்தால் சாமுண்டீஸ்வரிக்குப் பயம். வேலையே தொலைபேசியில்தான் என்பதால் நாள் முழுக்க அவளுக்கு அந்த அவஸ்தை இருந்தது.

சிங்கப்பூரில், ஃபேரர் பார்க்கில் ஒரு கடைவீட்டின் மாடியில் முகமது யூசுப் நடத்தும் சிறிய நிறுவனம் அது. சக்கர நாற்காலி ஏற்றும் வேன்களில் நோயாளிகளை டயாலிசிஸுக்கும் மருத்துவமனைக்கும் கூட்டிப்போய், திரும்ப வீட்டில் விடுவார்கள். யாரை எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்று கேட்டுக்கொண்டு ஓட்டுநர்களுக்குச் சொல்வது சாமுண்டீஸ்வரி. பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு வேலைக்கு வந்தவள். குரலில் எரிச்சல் தெரியாமல் பேசுவாள். எந்த நோயாளிக்கு எந்தக் கால் இல்லை என்பதுவரை மனப்பாடம். அதனாலேயே யூசுப் அவளை நம்பி எல்லாவற்றையும் விட்டிருந்தார்.

அவளுக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது யாருக்கும் தெரியாது.

முதலில் மின்சாரச் சோற்றுப் பானையின் ‘பீப்’ கேட்காமல் போனது. பிறகு சொற்களின் ஓரங்கள் தேய்ந்தன. குரல் கேட்கும், ஆனால் என்ன சொன்னார்கள் என்பது பாதிதான் வந்து சேரும். மீதியை ஊகித்துக்கொள்வாள். “லைன் கிளியரா இல்ல லா, இன்னொரு வாட்டி சொல்லுங்க” என்பாள். இரண்டாவது முறையும் பிடிபடவில்லை என்றால் மூன்றாவது முறை கேட்கப் பயம். தொலைபேசியில் பேசும் வேலையைக் காது கேட்காதவளுக்கு யார் கொடுப்பார்கள்? இந்த வயதில் வேறு எங்கே போவது? பரிசோதனைக்குப் போனால் அது எழுத்தில் வந்துவிடும் என்று அதையும் தள்ளிப்போட்டாள். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

யூசுப்பின் மகள் அமீரா படிப்பை முடித்துவிட்டு அலுவலகத்துக்கு வரத் தொடங்கியதும் முதல் வேலையாக ஒரு பெரிய வெள்ளைப்பலகை வாங்கி வந்தாள்.

“அக்கா, இன்னிக்கு டிரிப் எல்லாத்தையும் இதுல எழுதிட்டா, ஓட்டுறவங்க, நானு, அத்தா, எல்லாரும் பாத்துக்கலாம். நீங்க ஒருத்தரே மண்டையில சுமக்க வேணாம்.”

“எனக்கு இதெல்லாம் எதுக்கும்மா? எல்லாம் ஞாபகத்துல இருக்கு” என்று சிரித்தாள் சாமுண்டீஸ்வரி. ஆனால் பலகையில் எழுதினால், தான் தப்பாகக் கேட்டது அத்தனை பேர் கண்ணிலும் படும். ஏதேதோ சாக்குச் சொன்னாள். சுவரில் துளை போட வேண்டாம் என்றாள், மை வாசம் தலைவலி என்றாள். பலகை பிளாஸ்டிக் உறை கழற்றாமலே அலமாரிக்குப் பின்னால் நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அனுப்ரியா என்ற பெண் அழைத்தார். அவருடைய மாமனார் கோவிந்தசாமி வழக்கமாக வரும் நோயாளி. எழுபத்தைந்து வயது தாண்டியவர், பார்வை மங்கல். அந்த வாரம்தான் செங்காங்கில் புது வீட்டுக்கு மாறியிருந்தார்கள். இன்று அங்கே இறக்க வேண்டும் என்று தெருப் பெயரும் அடுக்குமாடி புளோக்கின் எண்ணும் சொன்னார். ‘டூ ஃபிஃப்டி’ என்று சாமுண்டீஸ்வரி காதில் விழுந்தது. ஒரு கணம் சந்தேகம் தட்டியது. கேட்க வாய் வரவில்லை. ஓட்டுநர் சுரேந்தருக்கு அப்படியே அனுப்பிவிட்டாள்.

பகலில் மழை பிடித்தது. சுரேந்தர் அழைத்தபோது வேன் கூரையில் மழை கொட்டும் இரைச்சல்தான் பெரிதாகக் கேட்டது. அவர் ஏதோ சொன்னார், கடைசியில் “அடுத்த பேஷண்ட்டுக்குப் போகவா அக்கா?” என்பது மட்டும் புரிந்தது.

“போங்க, போங்க” என்றாள்.

சற்று நேரத்தில் அனுப்ரியா மறுபடி அழைத்தார். “மாமா இன்னும் வரலையே? நான் கீழதான் நிக்கிறேன்.”

“அப்பவே இறக்கியாச்சே! டூ ஃபிஃப்டிதானே?” சாமுண்டீஸ்வரி நிறுத்தி, மறுபடி கேட்டாள். “ஒன் ஃபைவா, ஃபைவ் ஸீரோவா?”

“டூ ஒன் ஃபைவ்! டூ ஃபிஃப்டீன்னு தெளிவாத்தானே சொன்னேன்!”

சுரேந்தரைப் பிடித்துக் கேட்டாள். “ஆளு யாரும் வரலன்னு சொன்னேனே அக்கா. நீங்கதானே போகச் சொன்னீங்க? ஐயாவும் ‘நீ போப்பா, மருமக வந்துடும்’னாரு.” அவர் அப்போது வேறொரு நோயாளியோடு தஞ்சோங் பகார் பக்கம் இருந்தார். இன்னொரு வேன் பட்டறையில். யூசுப் பள்ளிவாசலில், கைப்பேசியை அணைத்து வைத்திருந்தார். தொலைபேசியை அமீராவிடம் கொடுத்துவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் சாமுண்டீஸ்வரி எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு ஓடினாள்.

ரயிலில் உட்கார முடியவில்லை. டயாலிசிஸ் முடிந்த உடம்பு. துவண்டிருக்கும். நீரிழிவு வேறு, நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயக்கம் வரும். கைப்பேசி வைத்துக்கொள்ளாத மனிதர். சுரங்கப் பாதையின் கருப்புக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க அவளுக்கே பயமாக இருந்தது. சிராங்கூன் தாண்டியபோது அனுப்ரியாவிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. ‘250 வந்துட்டேன். மாமா இங்க இல்ல.’

அவள் கை கம்பியிலிருந்து நழுவியது. பக்கத்திலிருந்தவர் ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

செங்காங்கில் மழை விட்டபாடில்லை. அனுப்ரியா கால்வாய்ப் பக்கம் தேடிக்கொண்டிருந்தார். சாமுண்டீஸ்வரி எதிர்ப்பக்கம் ஓடினாள். ஒன்றைப் போலவே இன்னொரு புளோக். எங்கு பார்த்தாலும் தூண்கள். “கோவிந்தசாமி ஐயா! ஐயா!” என்று கத்திக்கொண்டே புளோக்கின் அடியில் திறந்து கிடந்த ஒரு வாய்ட் டெக்கைக் கடந்தாள், அடுத்ததைக் கடந்தாள், மறுபடி திரும்பினாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் பதில் குரல் கொடுத்தால் தனக்குக் கேட்குமா? இந்த மழையில், அந்தச் சோர்ந்த தொண்டையிலிருந்து வரும் சத்தம்?

ஓடுவதை விட்டு நின்றாள். அதுவரை வேலை போய்விடும் என்றுதான் பயந்திருந்தாள். இப்போது வந்த பயம் வேறு. ஒரு மனிதர் தன்னை அழைத்தபடியே செத்துப்போகலாம்; தான் அவர் பக்கத்திலேயே நின்றிருக்கலாம்.

கத்துவதை நிறுத்தினாள். ஒவ்வொரு தூணின் பின்னாலும் போய்ப் பார்த்தாள். மிதிவண்டிகள் நிற்கும் இடம், கடிதப் பெட்டிகளின் மறைவு, படிக்கட்டின் அடி. பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் மின்தூக்கி ஓரத்தில், சுவரை ஒட்டி, சக்கர நாற்காலியின் ஒரு சக்கரம் தெரிந்தது.

அவர்தான். சட்டை நனைந்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. சாரல் அடிக்கிறதென்று ஒரு சீன மூதாட்டி அங்கே தள்ளி வந்து விட்டு, ஆள் கூட்டிவரப் போயிருந்தாராம்.

“ரெண்டு வாட்டி என்னத் தாண்டிப் போயிட்டியேம்மா” என்றார் கோவிந்தசாமி. பேச்சே மூச்சாக வந்தது. அவர் வாயைப் பார்த்துத்தான் அவளுக்குப் புரிந்தது. “கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். காது கேக்கலயா?”

“இல்லைங்க ஐயா” என்றாள். “எனக்குக் காது கேக்கல.”

அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல் தடவை. அவர் முன்னால் ஈரத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அனுப்பிய செய்தி பார்த்து அனுப்ரியா ஓடி வந்து மாமனாருக்கு இனிப்புப் பானம் புகட்டினார். சாமுண்டீஸ்வரியை அவர் திட்டவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாலையில் யூசுப்பிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“எவ்ளோ நாளா?”

“ஒரு வருஷத்துக்கு மேல, பாய்.”

“அவருக்கு ஏதாவது ஆயிருந்தா நாளைக்கு நான் யாருக்குப் பதில் சொல்றது? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.” குரலை உயர்த்தாமல், அவள் முகத்துக்கு நேராகத் திரும்பி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “திங்கக்கிழமை பேசிக்கலாம்.”

சனியும் ஞாயிறும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவரிடம் சொன்னாள். காதைப் பரிசோதிக்கப் பலதுறை மருந்தகத்தில் பதிவு செய்தாள். வேலை போய்விட்டது என்றே முடிவுகட்டிக்கொண்டாள். ஆனாலும் திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் வந்து, அலமாரிக்குப் பின்னாலிருந்து பலகையை இழுத்து உறையைக் கிழித்தாள். சுரேந்தர் வந்ததும் துளை போட்டு மாட்டித் தரச் சொன்னாள். அன்றைய பயணங்களை ஒவ்வொன்றாக எழுதினாள்: பெயர், தெரு, புளோக், கீழே வந்து கூட்டிக்கொள்பவர் யார். எண்களைத் தனித்தனியாக, இடைவெளி விட்டு எழுதினாள்.

யூசுப் வந்து பலகை முன்னால் நின்றார்.

“இதனால நான் தப்பிச்சிடலாம்னு எழுதல பாய்” என்றாள். “நாளைக்கு யார் இந்த நாற்காலியில உக்காந்தாலும் இது வேணும். ஒருத்தர் காதுல விழுந்தத நாலு பேர் கண்ணு பாக்கணும். அமீரா அன்னிக்கே சொன்னா. நான்தான் பயந்து ஒளிச்சு வச்சேன்.”

பின்னாலிருந்து சுரேந்தர் எட்டிப் பார்த்தார். “அக்கா, மூணாவது வரி தப்பு லா. அந்தத் தெருவுல அந்த நம்பர் கிடையாது.”

அமீரா உடனே அந்த நோயாளியின் வீட்டுக்கு அழைத்துக் கேட்டாள். எண் தவறுதான். ஆனால் கேட்டு எழுதியது சாமுண்டீஸ்வரி அல்ல. சனிக்கிழமை அந்த அழைப்பை எடுத்துக் குறித்து வைத்தவர் யூசுப். அவர் கழுத்தைத் தடவிக்கொண்டு, துடைப்பானை எடுத்து அந்த வரியைத் தானே அழித்தார்.

அவள் வேலையில் நீடித்தாள். அழைப்புகளை அமீரா எடுத்துப் பலகையில் எழுதுகிறாள். எந்த வேன், எந்த நேரம், யார் துணை என்று பிரித்து அமர்த்துவது சாமுண்டீஸ்வரி. எழுதியவர் அல்லாத ஒருவர் வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகுதான் வண்டி கிளம்பும். பிராணவாயு தேவைப்படுபவர்களின் பெயர் சிவப்பு மையில் இருக்கும். மருத்துவமனைகளில் நேரம் மாறும்போதெல்லாம் ஒரு வரியை அழித்து மாற்றினால் போதும்; ஓட்டுநர்கள் ஆளுக்கு ஆள் கூப்பிட்டுக் கேட்பது நின்றுபோனது. காதுக் கருவி வந்த பிறகும் எதுவும் சட்டென்று சரியாகிவிடவில்லை. மின்விசிறியும் பேருந்துகளும் தலைக்குள் இரைகின்றன, பேச்சு அதில் அமிழ்ந்துபோகிறது. ஒவ்வொரு மாலையும் கடைசி வேன் திரும்பி, கடைசிப் பெயருக்கு எதிரே ‘வீடு சேர்ந்தார்’ என்று எழுதும்வரை அவள் நெஞ்சு அடங்குவதில்லை.

அனுப்ரியா அதற்குப் பிறகு அழைக்கவில்லை. வேறு நிறுவனத்தின் வேனில் மாமனாரை அனுப்புவதாக சுரேந்தர் சொன்னார். அனுப்ரியாவின் இடத்தில் தான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்போம் என்று சாமுண்டீஸ்வரிக்குத் தெரியும்.