எட்டு மணிக்கு மூக்கன் அடங்குவான்

முதல் அடி வாயில் விழுந்தது. இரண்டு பல் போயிற்று. அடுத்த அடி விழுமுன்பே ஃபிட்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. நோட்டு அவர்கள் கையில் சிக்கிவிட்டது.

ஆலையில் இருபத்திரண்டு வருடம் பம்ப் பழுது பார்த்தவர். சங்கக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறவர். ஒரே கிறுக்கு, பழைய சாமான் கடையில் பிடித்த பைனாகுலர். இருட்டியதும் குடியிருப்பின் மொட்டைமாடிச் சுவரில் முழங்கையை ஊன்றி நட்சத்திரம் பார்ப்பார்; பார்த்ததையும் அடுத்து வரப்போவதையும் சட்டைப்பை நோட்டில் குறித்துவைப்பார். நூலகப் புத்தகத்தில் இருந்த பெயர்கள் வாயில் நுழையவில்லை. கூட வேலை செய்கிறவர்களின் பட்டப்பெயர்களையே நட்சத்திரங்களுக்கு வைத்துவிட்டார். எப்போதும் ஒரே மாதிரி எரிவது நெட்டையன். மூன்று நாளைக்கு ஒருமுறை சில மணி நேரம் மங்கி, மறுபடி பளிச்சென்று ஆவது மூக்கன். அசல் மூக்கனின் கோபமும் அப்படித்தான், ஏறும், இறங்கும்.

வேலைநிறுத்தம் தொடங்கிப் பத்தொன்பது நாள். புகைபோக்கி செத்துக் கிடந்ததால் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அத்தனை பேர் வயிறும் காய்ந்து கிடக்க, ஃபிட்டர் முகத்தில் மட்டும் களை. சந்தேகத்துக்கு அது போதும். போதாததற்கு முந்தின நாள்தான் கம்பெனி அடியாட்கள் மறியலில் புகுந்து ஒருவன் மண்டையைப் பிளந்திருந்தார்கள். யாரோ உள்ளிருந்து காட்டிக்கொடுக்கிறான் என்ற பேச்சு ஆலை கேட்டில் நெருப்பாகப் பரவியது. அங்கேதான் ஃபிட்டரின் சட்டைப்பையிலிருந்து நோட்டு விழுந்தது. மறியலுக்குப் பொறுப்பான மூக்கன் எடுத்துக் கடைசி வரியைப் படித்தான்.

"புதன், இரவு எட்டு. மூக்கன் அடங்குவான். நெட்டையன் பக்கத்தில் இருப்பான்."

அன்று புதன். மணி ஆறரை.

மாடியிலேயே மடக்கினார்கள். மறியலின் இன்னொரு பொறுப்பாளி நெட்டையன் கால்களை அமுக்கிக்கொள்ள, மூக்கன் இரும்புக் குழாயை வலது கையில் இறக்கினான். விரல்கள் முறிந்த சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது.

"எட்டு மணிக்கு எவன்டா வர்றான்? எத்தனை பேருடா?"

நட்சத்திரம், நட்சத்திரம் என்று அவர் சொல்லச் சொல்ல அடி கூடியது. பொய்யாவது ஒழுங்காகச் சொல்லக் கூடாதா என்றான் நெட்டையன். கடைசியில் இடுப்பு வரை சுவருக்கு வெளியே தொங்கவிட்டார்கள். கீழே நாலு மாடி. ஃபிட்டர் இடது கையால் வானத்தைக் காட்டினார்.

"அதுதான் மூக்கன், பக்கத்துல நெட்டையன். எட்டு வரைக்கும் மூக்கனைப் பாரு. மங்கலேன்னா கைய விட்டுடு."

பைனாகுலரில் ஒரு கண் நொறுங்கியிருந்தது. மூக்கன் நல்ல கண்ணை வைத்துப் பார்த்தான். இன்னொரு கை ஃபிட்டரின் காலரை விடவில்லை. ஏழு மணிக்கு இரண்டு நட்சத்திரமும் ஒரே வெளிச்சம். ஏழரைக்கு அவன் திட்டுவதை நிறுத்தினான். எட்டடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பைனாகுலரை நெட்டையனிடம் நீட்டினான்.

நெட்டையன் வெகுநேரம் பார்த்தான். "என்னில பாதிகூட இல்ல மாப்ளே நீ."

ஃபிட்டரை உள்ளே இழுத்துப் போட்டார்கள். மூக்கன் குழாயைத் தரையில் வைத்தான். மறுபடி எப்போது எரியும் என்று கேட்டான்.

"அது தானா எரியும். இந்தக் கை?"

ஆலை கேட்டில் கண்ணாடி உடைந்தது, கத்தல் கேட்டது. பொறுப்பாளிகள் இரண்டு பேரும் மாடியில். மறியலுக்குத் தலை இல்லை.

ஃபிட்டர் வாய் ரத்தத்தைத் துப்பினார். இடது கையால் பைனாகுலரைப் பிடுங்கி, முதல் தடவையாகக் கீழே திருப்பினார்.

"எத்தனை பேருண்ணே?" என்றான் மூக்கன்.

"முப்பது இருக்கும். கம்பெனி அடியாளுங்க, கையில கம்பி. ஓடுங்கடா."