நனைந்த கரி

அனல் மின்நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் நிலக்கரியைப் பொடித்து, எரித்து, சோதித்தவளுக்குப் பொடியக்கா என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. ஆள் என்னவோ ஆறடிக்கு அரையடிதான் குறைச்சல். தம்பிக்கும் அதே உடம்பு, அதே குரல். ஆனால் அவனுக்குக் கை முந்திக்கொள்ளும், புத்தி பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும். பள்ளிக்கூடத்தில் ஒருத்தனின் பல்லை உடைத்துவிட்டு வந்த நாளிலிருந்து அவனுக்காக ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்பது அவள் வேலையாகிப்போனது.

அவன் அதே நிலையத்தில் கன்வேயர் பெல்ட் ஃபோர்மன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் பெல்ட் ஓடும் சுரங்கப்பாதையில் கரித்தூசி பற்றி வெடித்தது. மூன்று பேர் அடையாளம் தெரியாமல் கருகிப்போனார்கள். நாலாவது ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு தம்பி வெளியே வந்தான். முதுகுத்தோல் சட்டையோடு சேர்ந்து உரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாக, பெல்ட்டுக்கு மேலே, தூசி பறக்காமல் தண்ணீர் தெளிக்கும் குழாய் ஒன்றைத் தன் கையாலேயே மாட்டினான். அடுத்த கோடையில் இன்னொன்று. வருடத்துக்கு ஒன்று கூடியது. அதற்கப்புறம் அங்கே ஓர் உயிரும் போகவில்லை.

பொடியக்காவின் மேஜைக்கு மேலே சுவர் நீளத்துக்கு ஒரு வரைபடம் ஒட்டியிருந்தது. நிலையம் வருடத்துக்கு எத்தனை டன் கார்பன் டை ஆக்சைடு கக்கியது என்று காட்டும் கோடு. பல வருடம் ஏறிய கோடு ஒன்பது வருடமாக இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல கரி வருகிறது, கொதிகலனைச் சரிசெய்தோம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், அவளும் நம்பினாள். மாநிலத்தில் மின்சாரத்துக்காக எழும் புகையில் ஐந்தில் ஒரு பங்கு இங்கிருந்துதான். இந்தக் கோடு இறங்கினால் மாநிலத்தின் கோடும் இறங்கும். அமைச்சர்கள் அதைக் காட்டி மேடை மேடையாக மார்தட்டினார்கள். இப்படியே இறங்கினால் இன்னும் பத்து வருடம் ஓட்டலாம், இல்லையென்றால் மூடு என்பது உத்தரவு. ஆயிரத்து நானூறு குடும்பங்களின் சோறு அந்தக் கோட்டை நம்பியிருந்தது.

ஒன்பதாவது வருடம் தண்ணீர் பம்ப் எரிந்துபோய் மூன்று நாள் குழாய்கள் வறண்டு கிடந்தன. அந்த மூன்று நாளும் கரியில் கார்பன் அளவு திடுதிப்பென்று எகிறியது. கரி என்னவோ அதே கப்பலில் வந்த கரிதான். ஆய்வுக்கூடத்து உலையில்தான் கோளாறு என்று பதினோரு தடவை திரும்பத் திரும்ப எரித்துப் பார்த்தாள். பிறகு பெல்ட் ஓரமாகவே நடந்து போனாள். பத்தடி நடப்பதற்குள் புரிந்துவிட்டது. எடை போடுவது குழாய்களுக்கு முன்னால். அப்போது கரி காய்ந்திருக்கிறது. சோதனைக்கு அள்ளுவது குழாய்களுக்குப் பின்னால், அப்போது நனைந்திருக்கிறது. நனைந்த கரியில் ஒரு பங்கு தண்ணீரின் எடை, கார்பன் குறைவாகத்தானே தெரியும்? அந்தக் குறைந்த அளவைக் காய்ந்த எடையோடு பெருக்கிப் பெருக்கி, ஒன்பது வருடம் மாநிலத்தையே ஏமாற்றியிருக்கிறாள். குழாய் கூடக்கூடக் கோடு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். புகை ஒரு டன்கூடக் குறையவில்லை.

முதலில் தம்பியிடம்தான் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைச் சுவரில் வீசினான்.

"என் குழாயையா குத்தம் சொல்ற? மூணு பேர் கருகினதைக் கண்ணால பாத்தவன் நான்!"

"குழாய் மேல தப்பில்லடா. அள்ளின இடத்துலதான் தப்பு. அது என் தப்பு."

"அப்ப வாயை மூடிக்கிட்டு இரு."

"நாளன்னைக்கு வருஷ அறிக்கை அரசாங்கத்துக்குப் போகணும். திருத்தித்தான் அனுப்புவேன்."

"அனுப்பிப் பாரு," என்றான்.

மறுநாள் காலை நாலு பேரோடு ஆய்வுக்கூடத்துக்குள் புகுந்தான். ஒருவன் இரும்புத் தடியால் தராசை அடித்து நொறுக்கினான். இன்னொருவன் உலையைத் தரையில் தள்ளினான். கண்ணாடிக் குடுவைகள் சுவரில் மோதிச் சிதறின. இருபத்திரண்டு வருடத்து வரைபடத்தை ஒரே இழுப்பில் கிழித்தார்கள். திருத்திய அறிக்கை இரும்பு இழுப்பறைக்குள் இருந்தது. அவள் வலது கையை உள்ளே விட்டு அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"விடுக்கா!"

"மாட்டேன்."

இழுப்பறையை உதைத்தான். அவள் அலறினாள், விடவில்லை. மறுபடி உதைத்தான். மறுபடியும். விரல் எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. ரத்தம் இழுப்பறையின் விளிம்பிலிருந்து அவன் பூட்ஸ் மேல் சொட்டியது. கூட வந்த வீரர்கள் நாலு பேரும் அதைப் பார்த்ததும் பறந்துவிட்டார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவன்தான்.

ரத்தக்கறையோடு அறிக்கை மறுநாள் போய்விட்டது. வலது கை முழுக்கக் கட்டு. இரசாயனத்தில் மேல்படிப்பு படித்தவள், கட்டிலில் சாய்ந்தபடி இடது பெருவிரலால் கைநாட்டு வைத்தாள். அறிக்கையை வாங்க வந்த அதிகாரி, "கை ஆறட்டுமே, இந்த வருஷம் பழைய அளவையே போட்டுக்கலாம்" என்று குழைந்து பார்த்தார். அவள் முறைத்த முறைப்பில் மனுஷன் மை டப்பாவை அங்கேயே மறந்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் போலீஸ் இன்ஸ்பெக்டர் வந்தார்.

"இது எப்படிம்மா ஆச்சு?"

"யாரோ கலாட்டா பண்ணாங்க சார். அந்த அவசரத்துல இழுப்பறையில நானே கையை நசுக்கிக்கிட்டேன்."

தம்பிக்காகச் சின்ன வயதிலிருந்து சொன்ன பொய்தான். இந்தத் தடவை கரகரவென்று வந்தது. முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வராந்தாவில் கிடந்த தம்பி எழுந்து உள்ளே வந்தான்.

"பொய் சார். நான்தான் உதைச்சேன்."

"வெளிய போடா! உனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு வீட்டுல. சார், இவனுக்குப் புத்தி கலங்கிப்போச்சு."

"கலங்கல சார். இவ கை உள்ள இருக்குன்னு தெரிஞ்சேதான் உதைச்சேன். ரெண்டு தடவை."

இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "எதைம்மா எழுதட்டும்?"

அவள் தம்பியைப் பார்த்தாள். தடுக்க எத்தனையோ சொல்லியிருக்கலாம், இன்ஸ்பெக்டருக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்திருக்கும்.

"ரெண்டு இல்ல சார்," என்றாள். "மூணு தடவை."

சொல்லிவிட்டு, வார்டே திரும்பிப் பார்க்கும்படி ஓவென்று அழுதாள்.