விரிந்த கை

சலூன்காரருக்குப் பக்கவாதம் வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. வலது கை இறுக மூடியே கிடந்ததில் நகங்கள் பதிந்து உள்ளங்கை புண்ணாகிவிட்டது. தசையைத் தளர்த்தும் ஊசி போட்டால் விரல்கள் விரியும் என்றார் டாக்டர்.

"விரியும். ஆனா பழைய வேலை செய்யும்னு நினைக்காதீங்க" என்று அவர் சேர்த்துச் சொன்னது மனைவியின் காதில் மட்டும்தான் விழுந்தது.

முன்கையில் நான்கு இடத்தில் ஊசி இறங்கியது.

"முகச் சுருக்கம் போறதுக்கும் இதைத்தான் போட்டுக்கிறாங்களாம். உங்க கைக்கு இனிமே வயசே ஆகாது" என்றாள் மனைவி. பல நாளுக்குப் பிறகு அவர் சிரித்தார்.

பத்தாம் நாள் விரல்கள் விரிந்தன. அவர் காலை இழுத்து இழுத்து, மைத்துனர் பார்த்துக்கொண்டிருந்த தன் கடைக்குப் போனார். கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கி, வளையங்களுக்குள் விரல்களை இடது கையால் நுழைத்தார். கட்டைவிரல் அசையவே இல்லை. கத்தரிக்கோல் நழுவித் தரையில் விழுந்தது. நாற்காலியில் இருந்தவர் பார்க்காததுபோல் செய்தித்தாளைப் புரட்டினார்.

மைத்துனர் அதைக் குனிந்து எடுத்தார். "இன்னைக்குக் கூட்டம் ஜாஸ்தி மாமா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

மூன்று மாதத்தில் விரல்கள் மறுபடி மடங்கத் தொடங்கின. அடுத்த ஊசிக்கு மனைவி கூப்பிட்டபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"எதுக்கு? கத்தரி பிடிக்கவா?"

"கழுவுறதுக்கு" என்றாள். "நகம் வெட்டுறதுக்கு."

வெகு நேரம் கழித்து எழுந்து அவளோடு போனார். வழியில் கடை வந்தபோது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே நடந்தார்.