கார் உதறியதும் நான் வந்த நேரமும்

நான் பாகூரில் வாழ்க்கைப்பட்டபோது பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. என் வீட்டுக்காரர் அந்த ஊர் முசே ஒருவரிடம் டிரைவர். முசே என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பிய நம் ஆள்தான். அவருடைய மனைவியை ஊரே மதாம்மா என்றது. அவர்களிடம் ஒரு பழைய கறுப்புக் கார் இருந்தது. தோட்டத்தில் கார் கொட்டகை, அதை ஒட்டி எங்களுக்கு ஓர் அறை. கலியாணம் ஆகி நாலைந்து மாதம் ஆகியும் நாங்கள் பேசிக்கொண்டது சோறு, குழம்பு, தண்ணீர் அளவோடு சரி. அவருக்குக் கூச்சம், எனக்குப் பயம்.

ஆயுத பூஜை வந்தது. காரைக் கழுவி பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு அவர் குளிக்கப் போனார். பொட்டு வைக்கும் வேலை எனக்கு. ஸ்டியரிங், விளக்கு, சக்கரம், ஸ்பேனர் பெட்டி என்று ஒன்றையும் விடவில்லை. எஞ்சினில் மற்ற இரும்பெல்லாம் கரியும் எண்ணெயுமாகக் கிடக்க, நாலு வெள்ளைப் பீங்கான் மட்டும் வரிசையாகப் பளிச்சென்று நின்றன. இதற்கு வைக்காமல் வேறு எதற்கு வைப்பது? ஒவ்வொன்றுக்கும் உச்சியிலிருந்து அடிவரை சந்தனத்தை இழுத்து நடுவில் குங்குமம் வைத்தேன். அந்த மனுஷன் பிழைப்பே இந்த வண்டியில்தான் என்று நினைத்து, தாராளமாகவே வைத்தேன்.

மறுநாளே கார் உதற ஆரம்பித்தது. மெல்லப் போனால் ஒரு குறையும் இல்லை. பெரிய ரோட்டில் ஏறி ஆக்சிலேட்டரை மிதித்தால் குளிர்ஜுரம் வந்தவன் போல நடுங்கியது. பாதி வழியில் முசே திரும்பச் சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் முதலில் சந்தேகப்பட்டது பெட்ரோலை. முந்தின வருஷம்வரை ஊருக்கு ஊர் எல்லைச் சுங்கச் சாவடி இருந்து, பெட்ரோல் கிடைப்பதே பெரும்பாடாக இருந்த காலம். கிடைத்ததில் என்ன கலந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பழக்கத்தில் டாங்க்கைக் காலி செய்து, பழைய வேட்டியில் வடிகட்டி ஊற்றினார். உதறல் நிற்கவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். நிற்கவில்லை. பிளக்குகளைத் திரும்பத் திரும்பக் கழற்றி, அடியிலிருந்த கரியை உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். அப்போதும் நிற்கவில்லை.

இரண்டாம் நாள் மதாம்மா கொட்டகைப் பக்கம் வந்தாள். வேலைக்காரியிடம் பேசுவதுபோல, என் காதில் விழும்படி சொன்னாள்: "மூணு வருசமா ஒரு கொறை இல்லாத வண்டிடி. புதுப்பொண்ணு வந்த நேரம், இன்னா ஆட்டம் ஆடுது பாரு."

அவர் காருக்கு அடியில் படுத்திருந்தார். அவர் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் வாய் திறக்கவில்லை. மதாம்மா சொன்னதைவிட அதுதான் என்னைக் கொன்றது. இவரும் அப்படித்தான் நினைக்கிறாரோ? ஊர் சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளலாம். கட்டியவரே நினைத்துவிட்டால் எங்கே போவது?

அன்று சாயங்காலம் முசேவும் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாவலன்னா கடலூர்க்காரனுக்கு வித்துடறேன்பா." காரை விற்றால் டிரைவர் எதற்கு?

வியாழக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கொட்டகை இருட்டடித்தது. அவர் எங்கள் கம்பளியை எடுத்துப் போய்த் திறந்த பானெட்டின்மேல் போர்த்தி உள்ளே இன்னும் இருட்டாக்கினார். சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்தார்.

"தே, இங்க வா. சைடுல நின்னு தலைய மட்டும் உள்ள வுட்டுப் பாரு. நான் பிரேக்கப் புடிச்சிக்கினு மிதிக்கறேன். எங்கனா நெருப்பு தெரியுதான்னு சொல்லு. கைய வச்சிடாத."

எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய பெரிய பேச்சு அதுதான். கம்பளிக்குள் தலையை விட்டேன். எஞ்சின் உறுமியது, உதறியது. அந்த இருட்டில் பார்த்தேன்: வெள்ளைப் பீங்கான்மேல் நூல் போல நீலமாக ஒரு பொறி, உச்சியிலிருந்து அடிக்கு ஓடி ஓடி மறைந்தது. நான் சந்தனம் இழுத்த அதே கோட்டில்.

பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படியே சொல்லிவிட்டால் வெள்ளிக்கிழமை வண்டி போய்விடும். வெளியே வந்து ஒரே மூச்சில் சொன்னேன்: "நான் வச்ச சந்தனத்துமேல தாங்க ஓடுது. எல்லாம் என்னாலதான். மதாம்மா சொன்னது சரிதான்." அதற்குமேல் அழுகை வந்துவிட்டது.

அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு வந்து குனிந்து பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "இந்தப் பீங்கான் பிளக்க மூணு தபா கழட்டி மாட்டனேன். சாமிக்கு வச்ச பொட்டு, கலஞ்சிடப் போவுதுன்னு பாத்துப் பாத்துப் புடிச்சேன். மழக்கால ஈரத்துல சந்தனம் காயவே இல்ல. கரண்டு உள்ள போவாம அதும்மேலயே எறங்கிடுது. அடியெல்லாம் தேச்சவன் மேல தொடச்சிருக்கணும் இல்ல?"

பூஜைப் பொட்டைத் தானாக உதிர விடுவோமே தவிர, எங்களில் யாரும் துடைப்பதில்லை. அவர் விரலால் குங்குமத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம்தான் தன் துண்டால் நாலு பிளக்கையும் துடைத்தார். என் கண்ணைத் துடைக்கச் சொல்லித் துண்டின் மறுமுனையை நீட்டினார். கிரீஸ் வாடை. நான் வாங்கித் துடைத்துக்கொண்டேன்.

மழை விட்டதும் காரை ஏரிக்கரை வரை ஓட்டிப் போய்த் திரும்பினார். ஒரு நடுக்கம் இல்லை. முசேவும் மதாம்மாவும் வாசலில் நின்றிருந்தார்கள்.

"இன்னாபா கோளாறு?" என்றாள் மதாம்மா.

உண்மையைச் சொன்னால் அவள் சொன்னது பலித்ததாகிவிடும்.

"பிளக்குமேல ஈரம்மா. மூணு நாளா எனக்குத் தெரியல. எங்க வூட்டுக்காரி வந்து பாத்துதான் கண்டுபுடிச்சா. அவ மட்டும் இல்லன்னா வண்டி நாளைக்குக் கடலூர் போயிருக்கும்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மதாம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவரோடு நாற்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தேன். முதல் பிள்ளை தங்கவில்லை. முசே செத்துப்போய் அந்த வேலையும் போனது. ஒரு புயலில் கூரை பறந்தது. "நீ வந்த நேரம்" என்ற சொல் மட்டும் அந்த வாயிலிருந்து ஒருநாளும் வரவில்லை.